வாழைப்பழ ழ

போன மாதம் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை விஷயமாகத் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். எழுத்தடித்துக்கொண்டிருந்த பெண் பின்னால் யாரிடமோ பேசத் திரும்பினாள். விரல் மட்டும் ஒரு எழுத்துக் கட்டையை அழுத்தியபடியே நின்றுவிட்டது. திரையில் ழழழழழழழழ என்று ஒரு வரி நிறைந்து, அடுத்த வரிக்கும் இறங்கியது. அவள் திரும்பிப் பார்த்து, "அய்யய்ய" என்று ஒரு தட்டுத் தட்டினாள். அத்தனை ழவும் போன இடம் தெரியவில்லை.

"எம்மா, ரெண்டு மூணாவது எடுத்து வச்சுக்கிடக்கூடாதா?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, நான் பழைய அச்சாபீஸ்காரன் என்று தெரிந்ததும், "அந்தக் காலத்துல எப்படித் தாத்தா பண்ணினீங்க? எழுதிக் கொண்டாங்களேன், படிச்சுப் பாக்கோம்" என்றாள். எழுதிவிட்டேன். கேட்டது அவள், அனுபவிப்பது நீங்கள்.

திருநெல்வேலியில் ஓர் அச்சகத்தில் எட்டு வருஷம் கை கறுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். ஐம்பதாம் வருஷம் தென்காசியில், கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில், சொந்தமாக ஓர் அச்சாபீஸ் போட்டேன். காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மிஷின் ஒன்று, ஈய எழுத்துகள் கொஞ்சம், மீரான் அண்ணாச்சி. இதுதான் ஸ்தாபனம்.

மீரான் அண்ணாச்சி நெசவுக் குடும்பத்தில் பிறந்து அச்சுக் கோக்க வந்தவர். முதலாளி நான்தான். ஆனால் மேலதிகாரி அவர். காலையில் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். எழுத்துப் பெட்டியின் முன்னால் நின்று, அதன் அறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார். எந்த அறையில் எழுத்து குறைந்திருக்கிறது என்று மனதில் வாங்கிய பிறகுதான் என்னைப் பார்ப்பார். இடது கையில் ஸ்டிக் என்று சொல்லும் இரும்புத் தட்டு. வலது கை மட்டும் அறை அறையாகப் போய் வரும். கோக்கும்போது பெட்டியைப் பார்க்கவே மாட்டார். அச்செழுத்து எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பித்தான் இருக்கும். அதையே வாழ்நாள் முழுக்கப் படித்ததால், நேராக இருக்கும் எழுத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. பேப்பர் படிக்கும்போது மட்டும்தான் முகத்தைச் சுளிப்பார்.

வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததில் பிழை இருந்தால் திருத்த மாட்டார். "எளுதினது அவன். கோக்கது நான். பிள்ள யாருதுன்னு நாளைக்கு ஒரு கேள்வி வரக்கூடாது பாருங்க, மொதலாளி" என்பார்.

வேலை முடிந்ததும் எழுத்துகளைக் கழுவி, பிரித்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேலையாகவே தெரியாது. ஆனால் அச்சாபீஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒருத்தர் வீட்டுச் சீமந்தம், நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுப் பதினாறாம் நாள், எழுத்து ஒன்றுதான். தேர்தல் நோட்டீஸில் நின்ற 'வாழ்க'வின் எழுத்தும் 'ஒழிக'வின் எழுத்தும் ஒரே அறையில்தான் வந்து விழும். பிரித்துப் போடாத வரைக்கும் அடுத்த வேலைக்கு எழுத்துக் கிடையாது.

நான் கடை போட்ட நேரம், மாற்றம் என்பது வரிசையில் நின்று ஒவ்வொன்றாக என் வாசலுக்கு வந்தது. செங்கோட்டை ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவருக்குத் திருவிதாங்கூர்–கொச்சி என்று போட்டு ரசீதுப் புத்தகம் கட்டுக்கட்டாக அடித்து வைத்தேன். அவர் வந்து எடுத்துப் போவதற்குள் செங்கோட்டை நம்ம ராஜ்யத்துக்கு வந்துவிட்டது. "ஊரு இங்கன வந்துட்டு, ரசீது மட்டும் அங்கன கெடந்து என்ன செய்ய?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். குற்றாலம் சீசனுக்கு விடுதிக்காரர்களுக்கு அணாவில் விளம்பரம் அடித்து, சாரல் ஈரத்தில் மை காயாமல் கொடியில் துணி மாதிரித் தொங்கவிட்டிருந்தேன். அது காய்வதற்குள் நயா பைசா வந்தது. எண்ணெய்க் கடைக்குப் 'படி' என்று அடித்தேன்; லிட்டர் வந்தது. சர்க்காரே என் கடையை உத்தேசித்துத்தான் சட்டம் போடுகிறது என்று நான் நம்பிய காலம் உண்டு.

இதெல்லாவற்றையும்விட என்னைக் கவிழ்த்தது தமிழ். கடை போட்டபோது ஊரில் எல்லாப் பத்திரிகையும் 'ஸ்ரீ' என்றுதான் தொடங்கும். விவாகம், கிரகப்பிரவேசம், கும்பாபிஷேகம், ஆசீர்வாதம், சந்தோஷம். ஆகவே ஸ்ரீ, ஷ, ஜ எல்லாம் அள்ள அள்ளக் குறையாமல் வாங்கிப் போட்டேன். ழவை ஒரு சிட்டிகை வாங்கினேன். ஐந்தாறு வருஷத்தில் விவாகப் பத்திரிகை திருமண அழைப்பிதழ் ஆனது. அழைப்பிதழ் என்ற ஒரு சொல்லிலேயே இரண்டு ழ. கும்பாபிஷேகம் குடமுழுக்கு, வைபவம் விழா, ஆசீர்வாதம் வாழ்த்து, சந்தோஷம் மகிழ்ச்சி. எங்கே திரும்பினாலும் ழ. அதிலும் ழ, ழ், ழி, ழு எல்லாம் தனித்தனி ஈயத்துண்டுகள். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சமாளிக்க முடியாது. ஸ்ரீ அறையில் தூசி படிந்தது. ழ அறையில் மீரான் அண்ணாச்சியின் நகம் பலகையில் உரசும் சத்தம் கேட்டது.

இதில் இன்னொரு சங்கடம். எங்கள் பக்கத்தில் யாருக்கும் ழ வாயில் வராது. பழம் என்று எழுதுவோம், பளம் என்று தின்போம். கடையில் ளவைப் 'பெரிய ள' என்றும், ழவை 'வாளப்பள ள' என்றும் சொல்லித்தான் பிழைத்தோம்.

என் ஒரே மகளுக்குக் குற்றாலத்து அம்மன் பெயரை வைத்திருந்தேன். குழல்வாய்மொழி. அதில் ஒரு ழ, ஒரு ழி. வீட்டில் கூப்பிடுவது கொளலு. வியாபாரத்தில் வந்த மாற்றத்துக்காவது ஒரு அறிவிப்பு இருந்தது. மகள் விஷயத்தில் அதுவும் கிடையாது. பொம்மை வாங்கி வந்தால், "எப்பா, இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்பாள். சரி என்று அடுத்த மாதம் புத்தகம் வாங்கி வந்தால் அதைப் படித்து முடித்திருப்பாள். நான் ஒரு பெண்ணைப் பழகி முடிப்பதற்குள் வீட்டில் வேறொருத்தி இருந்தாள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் காகிதம் மடிக்கிறேன் என்று கடைக்கு வந்தவள், ஆறு மாதத்தில் அச்சுக் கோக்க ஆரம்பித்துவிட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு விரலெல்லாம் மையா இருந்தா எவன் கட்டுவான்?" என்று என் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் மருதாணி அரைத்து அப்பினாள். கடைசியில் மருதாணிக்கு மேல் மை என்றானது.

கட்டிக்கொள்ள ஒருத்தர் வந்தார். கீழப்பாவூர்ப் பையன், இலஞ்சியில் பள்ளிக்கூட வாத்தியார், அதுவும் தமிழ் வாத்தியார். அப்பா வைத்த பெயர் சுப்பிரமணியன். அவராக மாற்றிக்கொண்ட பெயர் இளவழகன். பேச்சும் மேடையில் பேசுவதுபோல்தான் இருக்கும். மூச்சு விடுவதில்கூட ழகரம் சுத்தமாக வரும்.

பெண் பார்க்க வந்தவர் பாடச் சொல்லவில்லை. "தங்கள் பெயரை ஒருமுறை சொல்லக் கேட்கலாமா?" என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. கொளலு அவரை நேராகப் பார்த்தாள். "சொல்லுதது கஷ்டம். கடைக்கு வந்தா அச்சுல கோத்துக் காட்டுதேன். அதுல தப்பு வராது" என்றாள்.

"மகிழ்ச்சி" என்றார் அவர்.

அவருடைய அப்பா, வயலும் தோப்பும் பார்க்கிற மனிதர், என் பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, பிடிச்சிருக்குங்கானா, பிடிக்கலைங்கானா?" என்று ரகசியமாகக் கேட்டார். பிடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம் என்று நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

தை மாதம் முகூர்த்தம் குறித்தோம். பிறகுதான் அப்பாவும் மகனும் நாலு வருஷமாக நேராகப் பேசிக்கொள்வதில்லை என்பது தெரிந்தது. காரணம் அந்தப் பெயர். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையும் என் கடையில்தான் அடிக்க வேண்டும். முதலில் அப்பா வந்தார். "ஸ்ரீ போட்டு, விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகைன்னு அடிங்க. பேரு சுப்பிரமணியன். அந்த இன்னொண்ணு பத்திரிகைல வந்துதுன்னா, நான் முகூர்த்தத்துக்கு வரமாட்டேன். எளவளகனாம், எளவு!" என்றார். மறுநாள் மகன், தன் நண்பர்களுக்கென்று தானே எழுதிய ஓர் அழைப்பிதழோடு வந்தார். "என் பெயர் இல்லாத அழைப்பிதழுக்கு நான் எவ்வாறு மணமகன் ஆவேன்? என் தந்தை வழங்கும் அழைப்பிதழில் என் பெயர் இல்லையெனில் மணவறையில் அமரமாட்டேன். இது உறுதி" என்றார்.

ஒருத்தர் வரமாட்டார். ஒருத்தர் உட்காரமாட்டார். நடுவில் என் மகள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவள் எழுத்துப் பெட்டி முன்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு இரண்டு கவலை. மகள் கல்யாணம் நின்றுபோன வீடு என்று ஊர் சொல்லுமே என்ற பயம் ஒரு பக்கம். அவளுக்கு அந்த வாத்தியாரைப் பிடித்துப்போயிருந்தது என்பது இன்னொரு பக்கம். அதை அவள் சொல்லவில்லை. இலஞ்சிப் பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளைக் கோக்கும்போது மட்டும் எழுத்தெழுத்தாகத் துடைத்துக் கோத்தாள்.

இந்த நேரம் பார்த்து அறுபத்தேழு தேர்தல் வந்து தொலைத்தது. இரண்டு கட்சி நோட்டீஸும் என்னிடம்தான். ஒரு கட்சியின் அச்சு முன்னறையில், எதிர்க்கட்சியின் அச்சு பின்னறையில் சாக்குக்கு அடியில். தினமும் வந்து "இன்னும் அடிங்க" என்பார்கள். அதனால் பிரித்துப் போட முடியாது. வாழ்க என்றாலும் ழ, ஒழிக என்றாலும் ழ. ஊரில் ஒருத்தரும் ழ இல்லாமல் அரசியல் செய்யவில்லை. மீரான் அண்ணாச்சி அறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, ழ ரெண்டு கெடக்கு. ழி ஒண்ணு, ழு ஒண்ணு. ஆண்டவன் விட்ட வளி" என்றார்.

மதுரையில் எழுத்து வார்க்கும் பட்டறைக்கு உடனே சொல்லியாக வேண்டும். கடிதம் போட நேரமில்லை. தபாலாபீஸுக்குப் போய் டிரங்க் கால் போட்டேன். அன்றைக்கு டிரங்க் கால் என்றால் ஊருக்கே கேட்கும்படி கத்த வேண்டும்.

"ழ வேணும்! அவசரம்!" என்று கத்தினேன்.

"எந்த ல? சின்ன லவா, பெரிய ளவா?" என்றார் பட்டறைக்காரர்.

"ரெண்டும் இல்லய்யா! வாளப்பள ள!"

"என்னது?"

"வாளப்பளம்! வாளப்பளம்!"

"சரி சரி, புரிஞ்சிருச்சு."

வெளியே வந்தால், ஸ்டாம்பு வாங்க நின்றவர்கள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள். நான் கடைக்குத் திரும்பும் முன்பே, 'அச்சாபீஸ் அண்ணாச்சி மதுரைக்குப் போன் போட்டு வாளப்பளம் கேக்காரு, பிள்ளை கல்யாணக் கவலையில மூளை கலங்கிட்டு' என்ற செய்தி கோயில் வாசலுக்குப் போய்விட்டது.

நாலாம் நாள் ரயிலில் பார்சல் வந்தது. நல்ல கனம். பிரித்தேன். பொட்டலம் பொட்டலமாக, புத்தம்புதுசாக, பளபளவென்று ள. ள், ளி, ளு உட்பட.

மீரான் அண்ணாச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அவன் மேல தப்பில்ல, மொதலாளி. நீங்க வாயால என்ன கேட்டியளோ அதத்தான் அனுப்பிருக்கான்" என்று கீழே வைத்தார்.

அந்த ளவையெல்லாம், பெயருக்கு முன்னால் மகாராஜராஜஸ்ரீ என்பதைச் சுருக்கி 'மகா-ள-ள-ஸ்ரீ' என்று போடுவதற்குத்தான் உபயோகிக்கலாம். அந்த மரியாதையும் அப்போது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மறுபடி எழுதிப் போட்டு எழுத்து வரும்வரை மகனுடைய அழைப்பிதழைத் தொட முடியாது. அப்பாவின் பத்திரிகைக்கு அவ்வளவு ழ தேவையில்லை. 'நிகழும்' என்பதற்கு ழு இருந்தது. வெள்ளிக்கிழமையைச் சுக்கிரவாரம் ஆக்கினோம். கீழப்பாவூருக்கு ஒரு ழ, என் மகள் பெயருக்கு ஒரு ழவும் ழியும். பெயர்ச் சண்டை அப்படியே இருந்தாலும் எழுத்துக் கணக்காவது நேராகிவிட்டது என்ற நிம்மதியில், ஒரு விடுதிக்காரரைப் பார்க்கக் குற்றாலம் போனேன். திரும்பி வந்தபோது, சம்பந்தி வந்து புரூஃப் பார்த்து, அடித்து முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். மிச்சமாக ஒரு பத்திரிகைகூட மேஜையில் இல்லை. "எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு" என்றார் மீரான் அண்ணாச்சி. நானும் சந்தேகப்படவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே சாய்த்துவிட்டு வந்தார். கையில் அப்பாவின் பத்திரிகை.

"இதைப் பாருங்கள்! ஆசிரியர் அறையில் என் முகத்துக்கு எதிரே நீட்டிச் சிரிக்கிறார்கள். தமிழாசிரியன் மணக்கப்போகும் பெண்ணின் பெயரில் கொலை!"

வாங்கிப் பார்த்தேன். 'சௌபாக்கியவதி குளல்வாய்மொழி' என்று இருந்தது. முன்பாதி ள, பின்பாதி ழ.

"மீரான் அண்ணாச்சி!" என்றேன்.

அவர் ஸ்டிக்கிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எளுதிக் கொடுத்த மாதிரி கோத்தேன்" என்றார்.

"யாரு எளுதிக் கொடுத்தது?"

"நாந்தாம்ப்பா" என்றாள் கொளலு.

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "தாங்களா? தங்கள் பெயரைத் தாங்களே...? இந்த அழைப்பிதழ் முழுவதையும் திரும்பப் பெற வேண்டும். புதிதாக அச்சிட வேண்டும். அதுவரை இந்தத் திருமணத்தைத் தள்ளி வைப்பதுதான்..."

"முளுசாப் படிச்சியளா?" என்றாள் அவள்.

"எதை?"

"நீங்க கொண்டாந்தத. உங்க அப்பா பத்திரிகைதான, இதுல என்ன இருந்துரப் போவுதுன்னு படிச்சிருக்க மாட்டிய. என் பேருக்கு மேல ஒரு வரி இருக்கு."

நான்தான் முதலில் பார்த்தேன். 'எனது ஜ்யேஷ்ட குமாரன் சிரஞ்சீவி சுப்பிரமணியன் என்ற இளவழகனுக்கும்' என்று இருந்தது. பத்திரிகையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் படித்தார். படித்து முடித்தவர் திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"இதை யார் போட்டது? அப்பாவுக்குத் தெரியாமலா?"

"அவுகளக் கேட்டுத்தான்" என்றாள் கொளலு. "அன்னைக்கு மாமா புரூஃப் பாக்க வந்தாக. ஒங்க பேர ஸ்டிக்குல கோத்து, மை தடவி, ஒரு துண்டுக் காயிதத்துல ஒத்திக் கொடுத்தேன். ரொம்ப நேரம் வச்சுப் பாத்தாக. 'பாக்க நல்லாத்தாம்ட்டி இருக்கு. எனக்குச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்கு. நான் கூப்பிட்டா எளவுன்னு விளுது. தோப்புல வேலைக்கு வாரவன்லாம் சிரிக்கான். அவனும் ஒருநா சிரிச்சான். அதான் கூப்பிடுததையே விட்டுட்டேன்'னாக. நீங்க வாயால சொல்லாண்டாம் மாமா, அச்சுல சொல்லுங்கன்னேன். சரி, என் பேரு முன்னால இருக்கட்டும், அவன் பேரு பின்னால வரட்டும்னாக."

மாப்பிள்ளை பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"ழ ரெண்டுதான் இருந்துச்சு" என்று அவளே தொடர்ந்தாள். "ஒண்ணு கீழப்பாவூருக்கு. அத ஊருகிட்ட கேட்டுத் திருப்பி வாங்கவா முடியும்? இன்னொண்ணு எனக்கு இல்லன்னா ஒங்களுக்கு. மாமா மனசு மாறுததுக்குள்ள அடிச்சாவணும். என் பேர எப்ப வேணும்னாலும் திருத்திக் கோத்துக்கிடலாம்."

இருபது வருஷம் நான் வளர்த்த பெண். பொம்மையா புத்தகமா என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, இது எப்போது நடந்தது என்று தெரியவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் நாலு வருஷமாக அவிழ்க்காத முடிச்சை ஒரு ஈயத்துண்டை இடம் மாற்றி அவிழ்த்திருந்தாள். எனக்குக் கண் கலங்கியது. மை நெடி என்று சொல்லித் துண்டால் துடைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு எடுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு வைத்தார். "நான் ஒருநா சிரிச்சேன்" என்றார். மேடைத் தமிழ் எங்கோ போய்விட்டது, கீழப்பாவூர்க்காரர் பேசினார். "வெளாட்டுக்குத்தான் சிரிச்சேன். அதுக்கா அப்பா..." என்று நிறுத்திக்கொண்டார்.

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். எழுத்துப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, பெண் பார்க்க வந்த நாளில் கேட்டு வாங்க முடியாத அந்தப் பெயரை, முதல் தடவையாக அவரே கூப்பிட்டார்.

"கொளலு..."

மீரான் அண்ணாச்சி தலையைத் தூக்காமலே சொன்னார்:

"மாப்ள, புரூஃப்ல தப்பு இருக்கு. அது வாளப்பள ள."